இடைகழியின் இலக்கணம்

பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருக்கோவலூரில், மழை கொட்டிய ஓர் இருண்ட இரவில், பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியிலே ஒதுங்கிப் படுத்திருந்தார் என்றும், பின்னர் வந்த பூதத்தாழ்வார் இடம் கேட்க, ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமரலாமென்று எழுந்து உட்கார்ந்தார் என்றும், மூன்றாவதாகப் பேயாழ்வாரும் வந்து சேரவே, இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாமென்று மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள் என்றும் வைணவ குருபரம்பரை கூறுகிறது. நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்க, அவர் யாரென்று காண்பதற்காக உலகத்தையே விளக்காக்கி ஒருவரும் அன்பையே விளக்காக்கி ஒருவரும் பாட, மூன்றாமவர் திருமாலைத் தரிசித்தார் என்பது அந்த ஐதிகத்தின் முடிவு. பக்தியின் பெருமையைப் பெரியோர்கள் விரித்துரைத்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொள்ள விரும்புவது அந்த இடைகழியின் நீள அகலத்தை மட்டுமே. ஒரு மனிதர் காலை நீட்டிப் படுக்க ஆறடி வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் படுக்க முடியவில்லை யென்றால் அகலம் மூன்றடிக்கு அதிகம் இருந்திருக்க முடியாது. இன்றைக்குச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவைத் திறந்ததும் நாம் காலை வைக்கிற இடமும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இந்த ஆறடிக்கு மூன்றடியை எப்படி அலங்கரிப்பது என்ற கேள்வி, அற்பமானதுபோல் தோன்றினாலும், வீடு கட்டியவர்களையும் வாடகைக்கு வந்தவர்களையும் ஒருங்கே தொல்லைப்படுத்துகிற கேள்வி. இதற்கு விடை தேடுகிறவர்கள் பெரும்பாலும் பிற தேசங்களின் விசாலமான மாளிகைகளைப் படம் பிடித்த புத்தகங்களைப் புரட்டி, அங்கே காணும் மேஜையையும் பூச்சாடியையும் நிலைக்கண்ணாடியையும் அப்படியே கொண்டுவந்து இங்கே நிறுத்தி, பிறகு கதவைப் பாதிக்கு மேல் திறக்க முடியாமல் திண்டாடுவதை நாம் பார்க்கிறோம். சிறிய வாசலை ஒரு குறையாகக் கருதி, அதை மறைப்பதற்கு அலங்காரத்தை நாடுவதிலிருந்தே இந்தத் தொல்லை தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம். நம்முடைய பழைய வீடுகளில் வாசற்பகுதி வேண்டுமென்றே குறுக்கப்பட்டது; வெளியிலிருந்து வருகிறவனை ஒரு க்ஷணம் தாமதிக்கச் செய்து, வேறு மனிதனாக உள்ளே அனுப்புகிற வேலை அதற்கு இருந்தது; அதன் சௌந்தரியமெல்லாம் அந்த வேலையைப் பற்றிக்கொண்டே வளர்ந்தது. அந்த வேலை இன்னதென்று தெரிந்துகொண்டால், அலங்காரத்துக்கு வழி தானே புலப்படும்.

தஞ்சாவூர், திருநெல்வேலிச் சீமைகளின் அக்ரகார வீடு ஒன்றை மனத்திற் கொள்வோம். தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறினால் இருபுறமும் திண்ணை. ஒன்று பெரியது, மற்றது சிறியது. ஒரு ஓரத்தில் தலை வைத்துப் படுப்பதற்குச் சரிவாகக் கட்டிய திண்டு. திண்ணைக்கு நடுவே நிலைவாசல். அதைக் கடந்தால் சிலர் ரேழி என்றும் சிலர் நடை என்றும் சொல்லும் குறுகிய, இருண்ட இடைகழி. அதன் முடிவில் கூடமும், வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றமும். அப்பால் தாழ்வாரம், இரண்டாங்கட்டு, கிணறு, கொல்லை. பல வீடுகளில் வாசற்கதவும் கொல்லைக் கதவும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். தெருவில் நிற்பவன் கண்ணுக்குக் கொல்லையிலுள்ள வாழை மரம் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். முற்றத்தின் மீது சூடான காற்று மேலெழும்ப, அதன் இடத்தை நிரப்பத் தெருக்காற்று இந்தக் குறுகிய ரேழியின் வழியே வேகமாக உள்ளே இழுக்கப்படும். கோடைப் பிற்பகலில் வீட்டுப் பெரியவர் கூடத்தை விட்டு ரேழியில் பாயை விரித்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காற்றைக் காட்டிலும் வெளிச்சம் இங்கே அதிக சூட்சுமமாக நிர்வகிக்கப்பட்டது. நம் நாட்டு நண்பகல் வெயிலின் பிரகாசம் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். சாதாரணமான வீட்டுக்குள்ளோ இருநூறு முந்நூறு இருந்தாலே அதிகம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திடீரென்று தாவினால் கண் கூசிச் சில விநாடிகள் ஒன்றும் புலப்படாது என்பது எல்லோருடைய அநுபவமுமாகும். திண்ணைமேல் இறங்கி நிற்கும் கூரை அந்த வெயிலை ஒரு முறை குறைத்தது. ரேழி இன்னொரு முறை குறைத்தது. கண் இவ்வாறு படிப்படியாகப் பழகிய பிறகு, முற்றத்தின் மெல்லிய வெளிச்சமே ஒரு பெரிய பிரகாசமாகத் தோன்றிற்று. ரேழியின் இருட்டு, கட்டத் தெரியாதவன் விட்ட பிழையாக இருந்தால் அது இத்தனை ஊர்களில் இத்தனை தலைமுறைக்கு நீடித்திராது. இன்றைய வீட்டில் கதவைத் திறந்ததும் மண்டையின்மேல் வெள்ளைவெளேரென்ற குழல்விளக்கைப் பொருத்தி, இடம் பெரிதாகத் தெரிகிறதென்று மகிழ்கிறவர்கள், கூடத்தின் வெளிச்சத்தை அந்த அளவுக்கு மங்கச் செய்துவிட்டதைக் கவனிப்பதில்லை.

நிலைவாசலுக்கு வருவோம். பழைய கதவுகள் நம் தலைக்கு இடிக்கும்படி தாழ்வாக இருப்பதும், கீழே நிலைப்படி ஒரு சாண் உயர்ந்து நிற்பதும் விருந்தினரைப் பணியவைக்கும் தந்திரம் என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். நிலைப்படி மழைத் தண்ணீரையும் பூச்சி பொட்டுகளையும் தடுத்தது. நான்கு பக்கமும் மூடிய சட்டமாக இருந்ததால் நிலை கோணாமல் நின்றது. ஆனால் குனிவதும் காலைத் தூக்குவதும் சேர்ந்து, நடையின் வேகத்தை ஒரு கணம் முறித்தன என்பதும் உண்மையே. பிரயோஜனத்துக்காக ஏற்பட்ட இந்த இடத்தில்தான் மஞ்சளும் குங்குமமும் ஏறின. மாவிலைத் தோரணம் கட்டப்பட்டது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன் பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டினார்கள்.

நிலையை அலங்கரிப்பது மிகப் பழைய வழக்கம். பத்துப்பாட்டில் நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை ஓர் அரண்மனை கட்டப்படும் விதத்தைக் கூறும்போது, நூலறிந்தவர்கள் உச்சிப்பொழுதில் கோல் நட்டு நிழலால் திசையறிந்து, கயிறு பிடித்து அளந்து மனை வகுத்ததைச் சொல்லி, உடனே வாயிலுக்கு வந்துவிடுகிறது. வென்ற கொடியைச் சாய்க்காமலே யானை நுழையும் உயரமுள்ள வாயில் அது. தச்சன் இடைவெளியில்லாமல் பொருத்திய இரட்டைக் கதவு. வெண்சிறுகடுகு அரைத்து அப்பி நெய் பூசிய நெடிய நிலை. மேலேயுள்ள உத்தரத்தில் நடுவே திருமகளும் இரு மருங்கிலும் பூவும் பிடியானையுமாகச் செதுக்கியிருந்ததென்று நச்சினார்க்கினியர் உரை விளக்குகிறது. காரைக்குடிப் பக்கத்து நிலைகளில் இன்றும் நடுவே வீற்றிருக்கும் கஜலக்ஷ்மியைப் பார்த்தவர்களுக்கு இந்த உரை வெறும் பழம் புத்தகமாகத் தோன்றாது. பூசுவதும் செதுக்குவதும் நிலையின்மேலே நிகழ்ந்தன. அதைச் சுற்றியுள்ள சுவர் சும்மா விடப்பட்டது. எல்லாச் சுவரிலும் ஏதாவது ஒன்றை மாட்டினாலொழிய மனம் ஆறாத நாம் கவனிக்க வேண்டிய கட்டுப்பாடு இது.

வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு இடையில் ஒரு மாறுநிலை வேண்டுமென்பதை மேனாட்டாரும் தங்கள் வழியில் கண்டுபிடித்தே யிருக்கிறார்கள். அமெரிக்க நாவலாசிரியை ஈடித் வார்ட்டன், ஆக்டன் காட்மன் என்ற கட்டடக்கலைஞரோடு சேர்ந்து 1897-இல் வெளியிட்ட வீட்டலங்கார நூலில், வாசலுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அந்தப் பகுதி வெளிச்சுவரின் எளிமையைக் கொஞ்சம் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்றும், உள்ளறைகளின் பட்டும் பஞ்சும் அங்கே கூடாவென்றும் வற்புறுத்தினார். எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1977-இல், கலிபோர்னியாவில் கிறிஸ்டபர் அலெக்சாந்தரும் அவருடைய நண்பர்களும் வெளியிட்ட பெருநூலில் 253 வகையான அமைப்புகளை வகுத்து ஆராய்ந்தபோது, தெருவுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள மாறுநிலைக்கு ஒன்றும், நுழைவறைக்கு மற்றொன்றுமாக இரண்டை இதற்கென்றே வைத்தார்கள். வெளிச்சம் மாற வேண்டும், ஒலி மாற வேண்டும், தரை மாற வேண்டும், மட்டம் மாற வேண்டும் என்று அவர்கள் கூறுவதைப் படிக்கும்போது, திண்ணையையும் ரேழியையும் பாராமலே அவற்றுக்கு உரை எழுதினாற்போலிருக்கிறது. அந்த உரையைப் படித்துவிட்டு நாம் திண்ணையை இடித்தோம் என்பது வேறு விஷயம்.

திண்ணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஒரு பொற்காலச் சின்னமாக்கிவிடுவது வழக்கம். வழிப்போக்கன் படுத்தான், பள்ளிக்கூடம் நடந்தது, ஊர் நியாயம் பேசப்பட்டது என்பனவெல்லாம் மெய்யே. ஆயினும் அந்தத் திண்ணை சிலருக்கு உபசாரத்தின் தொடக்கமாகவும் சிலருக்கு எல்லையாகவும் இருந்தது. சிலருக்கோ அந்தத் தெருவே மறுக்கப்பட்டிருந்தது. யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் ரேழி வரை வரலாம், யாருக்குக் கூடத்தில் பாய் விரிக்கப்படும் என்பதை ஜாதி நிர்ணயித்தது. அந்த நிர்ணயத்துக்குக் கட்டடமே உறுதுணையாக நின்றது. ஆகையால் பழைய வாசலின் வடிவத்தைப் பின்பற்றுவதென்றால், அதன் வெளிச்சத்தையும் தாமதத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தத் தரம் பிரித்தலைத் தெருவிலேயே விட்டுவிட வேண்டும். வாசலில் ஓர் ஆசனம் போடுவதாயின், உணவு கொண்டுவருகிற இளைஞனும் தண்ணீர்க் கேன் சுமந்து மாடி ஏறுகிறவரும் தயக்கமின்றி உட்காரக்கூடிய ஆசனமாக அது இருக்கட்டும்.

செட்டிநாட்டு முகப்பு, வாசலைக் குறுக்கிய அக்ரகார வீட்டுக்கு நேர்மாறான திசையில் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி செய்து பொருளீட்டிய நகரத்தார்கள், கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் எழுப்பிய மாளிகைகளில், வாசலென்பது ஒரு மண்டபமாகவே விரிந்தது. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, சுவர் முழுதும் வரிசை வரிசையாகச் சட்டமிட்ட படங்கள். 1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் தென்னாட்டு வீட்டுச் சுவர்களில் எங்கெங்கும் குடியேறிய காலம் அது. இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடலாகாது. கடல் கடந்து போன ஆடவர்கள் வருஷக்கணக்கில் திரும்பாதிருந்த ஊர்களில், வந்தவுடன் உறவினர் நூற்றுக்கணக்கில் கூடுகிற கலியாணங்களுக்காகக் கட்டிய வாசல்கள் அவை. அந்த அளவை மனத்திற் கொள்ளாமல் அவற்றின் உறுப்பை மட்டும் பெயர்த்துக்கொண்டு வருவதே விபரீதம். காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில், இடிந்த வீடுகளின் தூணும் நிலையும் கதவும் சாத்திவைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றை வாங்கிப்போய், பாரம் தாங்காத இடத்தில் தூணையும் யாரும் நுழையாத சுவரில் கதவையும் நிறுத்துவது, எனக்கு, இறந்தவரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வதாகவே தோன்றுகிறது.

செட்டிநாட்டிலிருந்து ஒரு சிறிய வாசலுக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது தரை. ஆத்தங்குடியில் செய்யும் கற்களுக்கு மெருகு, கண்ணாடியிலிருந்து வருகிறது. கண்ணாடித் துண்டை ஒரு சட்டத்துக்குள் வைத்து, அதன்மீது அச்சுத் தகட்டைப் பொருத்தி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, தகட்டை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் பரப்பி அழுத்தி, பின்பு தண்ணீரில் சில நாள் ஊறவைத்துக் கண்ணாடியைக் கழற்றினால், கண்ணாடி பட்டிருந்த முகம் தானே பளபளக்கும். சூளையும் இல்லை, இயந்திர மெருகும் இல்லை. கால் பட்டுத் துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும். ஆறடிக்கு மூன்றடியென்றால் பத்தங்குலக் கல் முப்பது போதும். உடைசலுக்கும் வெட்டுக்குமாக இன்னும் நான்கு வாங்கிக்கொள்ளலாம். வீடு முழுதும் பரப்பினால் கண்ணை உறுத்தும் மஞ்சளும் சிவப்பும் அந்த அளவான இடத்தில் ஒரு ஜமக்காளம்போல் அடங்கிக் கிடக்கும். கூடத்தின் தரை வேறு நிறமாக இருப்பதால், செருப்பை எங்கே கழற்ற வேண்டுமென்று யாரும் சொல்லாமலே தெரியும். ஒரே ஜாக்கிரதை: இது சிமெண்டு; கறை போக்க ஆசிட் ஊற்றினால் முகம் அரித்துவிடும்.

செருப்பு என்று சொன்ன பிறகு அதைத் தவிர்த்துக்கொண்டு அழகைப் பற்றி மேலே பேசுவதற்கில்லை. பழைய வீட்டில் அது வாசற்படியோடு நின்றுவிட்டது. 1961-இல் வீட்டுவசதி வாரியம் அமைந்த பிறகு பெருகிய அடுக்கு வீடுகளிலும், பின்னர்த் தனியார் கட்டிய மாடிக் குடியிருப்புகளிலும், படிக்கட்டு பலருக்குப் பொதுவாகிவிட்டபடியால், செருப்பு வீட்டுக்குள்ளே வந்தது. சிறிய வாசல்களின் அவலட்சணத்தில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம். ஆடவர் காலணி ஒன்றின் நீளம் பன்னிரண்டு அங்குலத்தை நெருங்கும். ஆகவே சாதாரணச் செருப்பு ஸ்டாண்டு ஓரடி ஆழமாகச் செய்யப்படுகிறது. சற்றுத் தாராளமாக மூன்றரை அடி அகலமுள்ள வழியிலேகூட அதை வைத்தால் நடக்க மிஞ்சுவது முப்பது அங்குலம்; காய்கறிப் பையுடன் வருகிறவர் உடம்பை ஒருக்களிக்க வேண்டும். செருப்பைச் சாய்த்து நிறுத்துகிற, கீழ்நோக்கித் திறக்கும் கதவுள்ள பெட்டி ஏழங்குல ஆழத்தில் அமையும். முப்பத்தைந்து அங்குலம் மிஞ்சும். அந்த ஐந்து அங்குலம் செய்கிற உபகாரத்தை எந்தப் பூச்சாடியும் செய்யாது. கதவு முழுப் பலகையாக இருந்தால் மழைக்காலத்தில் நாற்றம் தங்கும். காற்றுப்போகச் சட்டமிட்ட ஜாலிக் கதவு நல்லது. மேற்பலகை இடுப்புயரத்தில் இருக்குமானால் சாவியும் தபாலும் அதிலே தங்கும். ஹெல்மெட்டுக்கு இரண்டு வலுவான கொக்கி வேண்டும். இன்றைய தமிழ்நாட்டில் ஹெல்மெட்டுக்கு இடம் விடாத வாசலலங்காரம் எதுவும் பதினைந்து நாளைக்குமேல் நிற்பதில்லை. பால் பை, மின்சார அட்டை, குடை ஆகிய மூன்றும் கதவின் பின்புறத்தை நாடும். அவற்றை அங்கேயே விட்டுவிடுவதுதான் நாகரிகம்.

இடம் இவ்வாறு ஒழிந்த பிறகு அலங்காரத்துக்கு மிஞ்சுவது என்ன? கண்ணுக்கு எட்டுகிற ஒரு சுவர், ஒரு விளக்கு, ஒரு தரை. ஒரே சுவரில் ஐந்து சிறு படங்கள் மாட்டினால் இடம் மேலும் குறுகும். பெரிய படம் ஒன்று, அதன் நடுப்பகுதி நிற்பவர் கண்மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் வருமாறு மாட்டினால், சுவர் பின்னுக்கு நகர்ந்ததுபோலத் தோன்றும். நாம் படங்களை உத்தரத்தையொட்டி மாட்டுவது சுவாமி படங்களுக்கு ஏற்பட்ட வழக்கம்; அந்த உயரத்திலிருந்து ஒரு கோட்டோவியம் நம்மோடு பேசாது. நிலைக்கண்ணாடி வைப்பதாயின் பக்கச் சுவரில் வைக்கலாம். அகலம் இரட்டிப்பாகத் தெரிவதோடு, கதவைத் திறந்தவுடன் தன் உருவத்தையே கண்டு திடுக்கிட வேண்டியுமிராது. திருஷ்டிக்காகக் கதவுக்கு எதிரே கண்ணாடி மாட்டுகிறவர்களும், எதிரே மாட்டவே கூடாதென்று வாஸ்து சொல்கிறவர்களும் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. விளக்கு மட்டும், மேற்கூரையில் இல்லாமல், சுவரில் ஆளுயரத்துக்குச் சற்று மேலே, 2700 கெல்வினுக்கு அருகேயுள்ள மஞ்சள் ஒளியாக இருப்பது உத்தமம். பழைய வாசல்களில் மாடக்குழியிலிருந்து அகல் எரிந்தது ஏறத்தாழ மார்பளவு உயரத்தில். முகத்தைக் காட்டுகிற வெளிச்சம் அது; உச்சியிலிருந்து விழுகிற ஒளியோ கண்ணுக்குக் கீழே நிழலை நிரப்பி, வந்த விருந்தினரை நோயாளியாக்கிக் காட்டும். புதிதாகச் சுவர் எழுப்புகிறவர்கள், ஒன்பதங்குலச் செங்கற்சுவரில் ஒரு மாடத்துக்கு இடம் விடுவதற்குக் கொத்தனாருக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொன்னாற் போதும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் எழும்பிய பிறகு நினைத்துப் பயனில்லை.

அலங்காரங்களுக்குள் சுருக்கினாலும் ஏழ்மை தட்டாதது கோலமொன்றே. ஐந்து புள்ளி ஐந்து வரிசையில் போட்ட சிக்குக்கோலம், மார்கழியில் தெருவடைத்துப் போட்ட கோலத்தின் துண்டு அன்று, தன்னளவில் நிறைவுள்ளது. இது ஏன் இவ்வாறென்று யோசித்தால், கோலத்தின் மூலதனம் வடிவத்தைக் காட்டிலும் விதியில் இருப்பது தெரியவரும். தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1970-களில் கோலங்களை ஆராய்ந்து, சில விதிகளை மீண்டும் மீண்டும் பிரயோகிப்பதால் ஒரு குடும்பத்துக் கோலங்கள் எல்லாம், சிறியதும் பெரியதுமாக, தோன்றுவதைக் கணினி விஞ்ஞானத்தின் வடிவ இலக்கணங்களால் விளக்கினார். வாக்கியத்தை உண்டாக்கும் இலக்கணம் வாக்கியத்தின் நீளத்தால் கட்டுப்படாதது போலவே, கோலத்தை உண்டாக்கும் விதியும் தரையின் விஸ்தீரணத்தால் கட்டுப்படுவதில்லை. வாசலில் விடியற்காலத்தில் குனிந்து நின்ற பெண்கள் இதைச் சமன்பாடாக எழுதவில்லை. புள்ளி எண்ணிக்கையை மட்டும் இடத்துக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டார்கள். அது அவர்களுக்கு ஆனந்தமாக மட்டுமே இருந்ததென்றும் சொல்லத் துணியேன். மார்கழிக் குளிரில் நாலரை மணிக்கு எழுந்து செய்த வேலை அது, அந்த வேலை வீட்டு ஆண்களுக்கு விதிக்கப்படவில்லை. இன்று மாடிப்படி முகப்பில் கோலமிட நேரமில்லாதவர்கள் ஒட்டுக் கோலம் வாங்குவதைப் பழிக்கும் தகுதி, கோலமாவைத் தொட்டறியாத என் போன்றவர்களுக்குக் கிடையாது. கண்ணுக்குப் புதுமை வேண்டுமென்றால், ஒட்டியதை வருஷம் முழுதும் அழுக்கேற விடாமல், மாதத்துக்கொன்றாக மாற்றலாம். அல்லது வெள்ளிக்கிழமை மட்டும் ஈரமாவால் படிக்கோலம் இழுத்துக் காவி பூசலாம்.

இனி, யோசனைகளை எங்கே தேடுவது? படங்களில் அளவு தெரியாது. காற்றும் வாசனையும் தெரியாது. ஆகையால் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதே மேல் என்பேன். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தக்ஷிணசித்ராவில், தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து பிரித்தெடுத்துவந்து மறுபடி பூட்டிய வீடுகள் நிற்கின்றன. வணிகர் வீடும், அக்ரகார வீடும், நெசவாளர் வீடும், குயவர் வீடும் சில நூறு கஜ தூரத்துக்குள் இருப்பதால், ஒரே முற்பகலில் நான்கு வாசல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து பார்க்க முடியும். அங்கே போகிறவர்கள் பெரிய வீட்டின் தூண்களிலேயே நேரத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள்; நெசவாளர் வீட்டு வாசலைக் கையில் டேப்போடு பார்ப்பவர்களுக்கே உண்மையான லாபம். புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியிலும், வைசியாள் வீதியைப்போலச் சீர்திருத்திக் காப்பாற்றப்பட்ட தெருக்களில், வீட்டுக்கு வீடு தொடர்ந்து செல்லும் தாழ்வாரமும் அதன்பின் திண்ணையுமாக, தெருவே வாசலின் ஒரு பகுதியாகியிருப்பதைக் காணலாம்.

கடல் கடந்து ஓர் உதாரணமும் உண்டு. இலங்கையின் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா, கொழும்பில் 33-ஆம் ஒழுங்கையில் ஒரு முடுக்கிலிருந்த நான்கு சிறு வீடுகளை 1950-களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி, ஒரே வீடாகக் கோத்தார். அதன் நுழைவு ஒரு நீண்ட, குறுகிய நடை. தரையும் சுவரும் வெள்ளை. பொருள்கள் மிகக் குறைவு. அங்கங்கே கூரையைத் திறந்துவிட்ட சிறு முற்றங்களிலிருந்து வெளிச்சம் விழ, நடப்பவன் கண் ஒளியிலிருந்து ஒளிக்குத் தாவிச் செல்கிறது. அத்தகைய முற்றமொன்றில், செட்டிநாட்டிலிருந்து கொண்டுவந்த மரத்தூண்கள் நிற்கின்றன. தூணைப் பெயர்த்து வருவதைச் சற்றுமுன் கடிந்துகொண்ட எனக்கு இது சங்கடமான சாட்சியம்தான். ஆனால் பாவா தூணைச் சுவருக்கு அலங்காரமாக நிறுத்தவில்லை. வானத்திலிருந்து வெளிச்சம் இறங்குகிற இடத்தின் ஓரத்தில், செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் அது எங்கே நின்றிருந்ததோ அதே பந்தத்தில் நிறுத்தினார். குறுகிய நடையை அகலமாகக் காட்ட அவர் எந்த உபாயமும் செய்யவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. குறுகியதாகவே விட்டு, அதன் முடிவில் பார்ப்பதற்கு ஏதோ ஒன்றை வைத்தார். நம்முடைய ஆறடி நடையிலும் இதைச் செய்யலாம்: கதவைத் திறந்ததும் கண் நேராகப் போய் நிற்கும் இடம் எது என்று பார்த்து, அது குளிர்ப்பெட்டியின் பக்கவாட்டாக இருந்தால் குளிர்ப்பெட்டியை நகர்த்துவதே முதல் அலங்காரம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் ஒப்பாதபோது ஆத்தங்குடிக் கல்லும் மாடக்குழியும் தங்களுக்கு எதற்கென்று கேட்கலாம். ஞாயமான கேள்வி. அவர்களுக்கு நிலை இருக்கிறது. தோரணத்துக்கான கொக்கி பெரும்பாலும் முன்பே அங்கே அடித்திருக்கும். ஓரடி அகல மரப் பெஞ்சு ஒன்று, பதினெட்டங்குல உயரத்தில், கீழே செருப்புக்கும் மேலே உட்கார்வதற்குமாகச் செய்துகொண்டால் அது வீட்டுக்கு வீடு கூடவே வரும். ஆழத்தில் ஐந்து அங்குலம் நஷ்டமானாலும், குனிந்து வாரைப் பூட்ட முடியாத வயதானவர்கள் உள்ள வீட்டில் அந்த நஷ்டம் ஏற்கத்தக்கதே. பெரிய படத்தைப் பெஞ்சின்மேல் சுவரோடு சாத்தி வைக்கலாம்; ஆணி வேண்டாம். விளக்கை இடம் மாற்ற முடியாவிட்டாலும், வெள்ளைப் பல்பைக் கழற்றி மஞ்சள் பல்பு போட யாருடைய அநுமதியும் தேவையில்லை. வீடு மாறும்போது பழையதைத் திரும்ப மாட்டிவிட்டால், முன்பணத்தில் அதற்கென்று பிடித்தம் செய்ய எந்த உரிமையாளருக்கும் வழியிராது.